பத்தொன்பது வருடத்துக்கு ஒரு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கியதல்ல. அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுக்காக எழுத உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் அவருடைய படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் சேர்த்துச் சின்னப் புத்தகமொன்று அடித்து, வருகிறவர்களுக்குக் கொடுப்போம். வரலாறு இரண்டு பக்கம். வினோஜா கம்பசில் தமிழ் படிக்கிறாள்தானே என்று அந்த இரண்டு பக்கத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் வரி சுலபம். அமரர் யோகலிங்கம் வட்டக்கச்சியில் பிறந்தார்.

இரண்டாவது வரி: 1990இல் அவர்

(இது இப்படியே கிடக்கட்டும். நான் நின்றுபோனதும் இங்கேதான்.)

2

1990இல் அப்பா இயக்கத்துக்குப் போனார். 2009 வரை அங்கே. பிறகு இரண்டு வருடம் ஆமியின் தடுப்பு முகாமில். அதன்பிறகு வயல். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் எழுதுவதில்லை.

"அதுகளை எழுதாத, பிள்ளை," என்றார் அம்மா. "தம்பி இஞ்சதானே இருக்கப்போறான். நாளைக்கு ஆரும் வந்து விசாரிச்சா ஆர் பதில் சொல்லுறது?"

தம்பி லக்ஷனுக்குப் பதினேழு வயது. சரி என்று 2011இலிருந்து தொடங்கிப் பார்த்தேன்.

அம்மா விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போய்விடுவார். எனக்குத் தலை பின்னுவது அப்பா. வலது கையில் மூன்று விரல்தான். ரிபனின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறுக்குவார். ரிபனில் பல்லடையாளம் இருக்கிறதென்று வகுப்பில் பெட்டைகள் சிரித்தார்கள். "இனி நானே பின்னுறன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "ஓமம்மா, நீ வளந்திட்டாய்தானே" என்றார். நான் சொன்ன அந்த ஒரு வசனத்தைத் திருப்பி வாங்க முடிந்தால், இந்தக் கதையே எனக்கு வேண்டாம்.

(மற்ற இரண்டு விரலும் எங்கே என்று கேட்பீர்கள். அவை எழுதக்கூடாத வருடங்களில் கிடக்கின்றன.)

3

கிளிநொச்சியில் அச்சகம் வைத்திருக்கும் தில்லைநாதன் அண்ணை என் தாளை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இதுக்கேன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? எங்களிட்ட ஒரு வசனம் ரெடியாக் கிடக்கு."

கணினியைத் திருப்பிக் காட்டினார். 'இக்காலப்பகுதியில் பல்வேறு பொதுப்பணிகளில் தம்மை அர்ப்பணித்தார்.'

"போன மாசம் மட்டும் நாலு பேருக்குப் போட்டனான். வருசத்தை மாத்தினாச் சரி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

நல்ல மனிதர்தான். பயந்து வருகிறவர்களுக்கு உதவி செய்கிறார். ஆனாலும் ஐயோ, என் அப்பா ஐந்தாவது ஆளா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

4

(அம்மாவைப் பயந்த பாத்திரமாக எழுதிக்கொண்டு வந்தேன். பிழை என்னுடையது.)

குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"பொதுப்பணியோ? விசர்க் கதை! கடைசி நேரம் மாத்தளனில துவக்கை வைச்சிட்டு எங்களைத் தேடி வந்தவர் உன்ர கொப்பர். சண்டை முன்னரங்கில அவரோட நிண்டது ஏழு பேர். ஒருத்தரும் திரும்பேல்லை. அவர் வந்திராட்டி நீயுமில்லை, தம்பியுமில்லை. உங்கள் ரெண்டு பேரையும் தோளில தூக்கிக்கொண்டு தண்ணிக்குள்ளால வந்தவர்."

அப்போது எனக்கு ஆறு வயது. தோளும் தண்ணீரும் நினைவிருக்கின்றன. எங்கிருந்து வந்தார் என்பது நினைவில்லை. அப்பா வருவார்தானே என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும்.

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"அவர் விடேல்லை. பிள்ளையளுக்காக வந்தனான் எண்டு சொன்னா, அந்த ஏழு பேருக்கும் பிள்ளையள் இல்லையோ எண்டு கேப்பார்."

5

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

அச்சகத்து வசனத்தைப் போடலாம். ஒருவருக்கும் நோகாது.

'பத்தொன்பது வருடம் போராளியாக இருந்தார்' என்று போடலாம். அம்மா நித்திரை கொள்ளமாட்டார்.

'2009இல் பிள்ளைகளுக்காகத் துவக்கை வைத்துவிட்டு வந்தார்.' இதுதான் என் அப்பா. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவருடைய மனைவி விமலேஸ்வரி அன்ரி. செத்தவீட்டில் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவர். முப்பத்தொன்றுக்கும் வருவார். அவர் கையிலும் ஒரு கல்வெட்டைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதை எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.

"வேண்டாம். அடிக்காத." தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு, "எனக்கு ஒருக்கா வாசி," என்றார்.

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

அச்சகம் ஐந்து மணிக்குப் பூட்டும். இப்போது நாலேகால். எந்த வரியைக் கொடுப்பதென்று நீங்களே சொல்லுங்கள். நான் இன்னும் அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.