ரோச்சின் கண்ணுக்காக

கண்டெய்னர் யார்டில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் எதற்கு, ஒருத்தன் போதும் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து இனிகோவுக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று யோசிப்பான். சிரிக்காவிட்டால் வேலை போயே போச்சு என்று முடிவு கட்டிவிடுவான். வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் மனைவி அனுஜாவிடம் எரிந்து விழுந்தான். பயம் மனுசனைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, அது பகையாளிக்கும் வரக்கூடாது.

இன்னொரு டிரைவர் ரோச். இனிகோவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவன்தான். அவனுக்கு இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டு வந்தது.

"ஏலே, ஜெஸ்லினுக்கே தெரியாது பாத்துக்கோ. மாசமா இருக்கா, பொண்டாட்டிய எதுக்குப் பயமுறுத்தணும்? ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்" என்று சொல்லியிருந்தான்.

அன்று காலையில் இனிகோ மேனேஜர் அறைக்குப் போனான். லீவு கேட்கத்தான் போனான், சத்தியமாக. வெளியே வரும்போது ரோச்சின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருந்தான். யார் மேலேயாவது வண்டியை ஏற்றிவிட்டால் பாவமில்லையா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். நல்ல நியாயந்தான். தன் வேலைக்கு ஆபத்து வரும்வரை அது அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் தெருக்காரர்கள் கூடும் அன்பிய செபம், ரோச் வீட்டில். வாசலிலேயே ரோச் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்குக் கண் டெஸ்ட் எடுத்துட்டு வான்னு மேனேஜர் சொல்லுதாருலே. எவனோ போட்டுக்குடுத்துட்டான்."

"எவன்ண்ணே?"

"தெரியலயே. போன வாரம் வண்டிய கண்டெய்னர்ல உரசினேம்லா, எவனாவது பாத்திருப்பான்."

இனிகோ மேல் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. நாலு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது இனிகோவுக்கு.

செபமாலை முடிந்து மன்றாட்டு தொடங்கியது. ஒவ்வொருவராக வாய்விட்டுக் கேட்க, மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். ரோச் கண்ணை மூடிக்கொண்டான்.

"இனிகோ தம்பி, வேலை போயிருமோன்னு ரொம்ப வேதனையில இருக்கான் ஆண்டவரே. அவன் பொழப்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

எல்லோரும் சொன்னார்கள். இனிகோவும் சொன்னான்.

அடுத்து அவன் முறை. ரோச்சின் வேலைக்காகக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். காலையிலிருந்து மனசுக்குள் கிடந்து உறுத்தியது நாக்கில் வந்து விழுந்தது.

"ரோச் அண்ணன் கண்ணு சொகமாகணும் ஆண்டவரே..."

ஜெஸ்லின் சட்டென்று நிமிர்ந்தாள். "கண்ணுக்கு என்ன?"

ரோச் அவளைப் பார்க்கவில்லை. இனிகோவைப் பார்த்தான். மறைக்கச் சொன்னதை இத்தனை பேர் நடுவில் கொட்டுகிற வாய் வேறு எங்கே கொட்டியிருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மற்றவர்கள் பழக்கத்தில் சேர்ந்து சொன்னார்கள்: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ரோச் மட்டும் சொல்லவில்லை.