சட்டி வைக்காத வீடு

பங்கோர் தீவுக்கு ஊழியத்துக்குப் போகிறோம் என்று ஈப்போவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினோம். ஆனால் உண்மையில் நாங்கள் கிறிஸ்மஸுக்குப் பயந்து ஓடினோம். இதை ஒளித்துச் சொல்வதற்கு எனக்கு இப்போது பொறுமை இல்லை.

எங்கள் ஒரே மகன் மே மாதம் இறந்துபோனான். காம்பாரில் வேலை முடிந்து பூப்பந்து ஆடியிருக்கிறான். ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது.

சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடக்கூடாது, மற்றவர்கள் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகிறது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. 'இது வேதத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது?' என்று எங்கள் போதகர் வருடம் தவறாமல் பிரசங்கத்தில் கேட்பார். எந்த அதிகாரத்திலும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் கை அடுப்புப் பக்கம் போகாது.

டிசம்பர் பிறந்துவிட்டால் ஈப்போவில் பலகாரம் டின் டின்னாக வந்து இறங்கும். டின்னை நீட்டும்போது முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள் பாருங்கள், அதை என்னால் சகிக்க முடியாது. அவன் பேரையும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சபையில் ஒரு அறிவிப்பு வந்தது. ஓய்வுபெற்ற தம்பதிகள் இரண்டு மாதம் சின்னச் சின்ன ஜெப வீடுகளுக்குப் போய் ஊழியம் செய்யலாம். பள்ளி விடுமுறைக்குப் பங்கோர் தீவுக்கு ஆள் வேண்டும். என் கணவர் யுகேந்திரன், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தீவில் யாருக்கும் எங்கள் விஷயம் தெரியக்கூடாது. போதகர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

எங்களுக்குள்ளும் அவன் பேரை நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. பேசி வைத்துக்கொண்டது இல்லை, அப்படியே பழகிவிட்டது. ஒருவர் சொன்னால் மற்றவர் உடைந்து போய்விடுவாரோ என்று இருவருக்கும் பயம்.

லூமுட்டிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். இறங்கியதும் நெத்திலி காயும் வாடை வந்து மூக்கில் ஏறிக்கொண்டது. ஜெப வீடு ஒரு மரவீட்டின் முன்பக்க ஹால், பின்பக்கம் எங்களுக்கு ஒரு அறை, பெரிய சமையற்கட்டு. சபை என்றால் மொத்தம் பதினாலு பேர். சித்தியவான், பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து, கடற்கரை ஹோட்டல்களில் அறை துப்புரவாக்கும் பெண்களும் படகு பழுது பார்க்கும் இரண்டு ஆண்களும்.

விடுமுறைக் காலத்தில் தீவில் யாருக்கும் விடுமுறை கிடையாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை என்று இவர் அட்டையில் எழுதி மாட்டினார். பத்து மணிக்கு நானும் இவரும் ஒரு பூனையும் இருந்தோம். அந்த நேரத்தில் எல்லாரும் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் ரயில் அட்டவணை போடுகிற மாதிரி ஒவ்வொருவரின் ஷிப்டையும் எழுதிப் பார்த்து, ஆராதனையைப் பிற்பகல் மூன்றரைக்கு மாற்றினார். அடுத்த வாரம் பதினோரு பேர் வந்தார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒலிபெருக்கியைப் பழுது பார்த்தார், வீடு வீடாகப் போய் ஜெபம் செய்தார், ஹால் வாசலில் நட்சத்திரம் கட்டினார், பாட்டுக்கூட முணுமுணுத்தார். எப்படி முடிகிறது இந்த மனிதருக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாய்விட்டுக் கேட்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஆராதனை முடிந்ததும் மங்களம் என்னிடம் வந்தாள். ஹோட்டலில் பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கிறவள், ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல்.

"அக்கா, நாளைக்குக் காலையில அச்சு முறுக்கு சுட வாரோம். எங்க எல்லாருக்கும் மதியம்தான் ஷிப்டு."

"எங்க சுடப் போறீங்க?"

"இங்கதான்லா. எங்க குவார்ட்டர்ஸ்ல கெட்டில் வைக்கவே இடம் இல்ல. வருசா வருசம் ஊழியக்காரர் வீட்லதான் சுடுவோம். ஊழியக்கார அம்மாதான் அடுப்பு மூட்டி மொதல் முறுக்கு போடணும்."

எதிலிருந்து தப்பி ஓடி வந்தேனோ அது சமையற்கட்டுக்கே வரப்போகிறது. முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால்? மகன் செத்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதோடு, ஊழியத்துக்கு வந்தவளே வேதத்தில் இல்லாத பழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு," என்றேன்.

மறுநாள் ஏழரைக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். குமுதா என்கிற சின்னப் பெண், பின்சீட்டில் ஒரு முழு கேஸ் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பின்னாலேயே மங்களமும் நாலு பெண்களும், மாவு வாளி, எண்ணெய் டின், அச்சுகளோடு.

"சுசா இல்லக்கா, ஒரு சிரமமும் இல்ல, என் தோங்கையே எடுத்துக்கிட்டு வந்துட்டேன்," என்றாள் குமுதா.

எனக்கு ரத்த அழுத்தம், அடுப்பு முன்னால் நிற்க முடியாது என்றேன். நாற்காலி போட்டார்கள். புகை ஒத்துக்கொள்ளாது என்றேன். ஜன்னலைத் திறந்தார்கள். எண்ணெய் வாடைக்குத் தலைவலி வரும் என்றேன். அப்போது ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்த பார்வையில் எல்லாம் எழுதியிருந்தது. ஈப்போ அம்மாவுக்கு எங்களோடு சேர்ந்து சட்டி பிடிக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

என் கணவர் கதவருகே நின்றார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

மங்களம் தானே சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். லைட்டரை என் கையில் கொடுத்தாள். "சும்மா பத்த வச்சு ஒன்னே ஒன்னு போடுங்கக்கா. மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்."

லைட்டரை வாங்கிவிட்டேன். அமுக்க விரல் வரவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வீட்ல சட்டி வைக்கக்கூடாது," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "எங்க மகன் தவறிட்டான். ஏழு மாசம் ஆகுது."

குமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். மங்களம் என் கையிலிருந்து லைட்டரை எடுத்துக்கொண்டாள். பிறகு சட்டியிலிருந்த எண்ணெயை டின்னில் திருப்பி ஊற்றினாள். மாவு வாளியைத் தூக்கச் சொன்னாள். படகுப் பட்டறைக்குப் பின்னால் வைத்துச் சுட்டுக்கொள்ளலாம் என்றாள். பத்து நிமிடத்தில் சமையற்கட்டு காலி.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, வெட்கமும் கோபமும்தான். இனி இங்கேயும் டின்கள் வரும், முகங்கள் சாயும். மதியம் சாப்பிடும்போது, "நாளைக்கே ஈப்போவுக்குப் போயிரலாம்," என்று இவரிடம் சொன்னேன். சரி என்றார். ஊழியத்தைப் பாதியில் விடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிற்பகல் நான்கு மணிக்கு ஷிப்டு இடைவேளையில், வேலைச் சட்டையோடு மங்களம் வந்தாள், பின்னால் குமுதா. நினைத்தபடியே கையில் தட்டு, மேலே மூடிய நாளிதழ். வாங்கி வைத்துக் கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் எழுந்தேன். மங்களம் தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"தம்பி பேரு என்னாக்கா?"

ஈப்போவில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை, எல்லாருக்கும் அவனைத் தெரியும். இவரைப் பார்த்தேன்.

"ரூபன்," என்றார் இவர்.

ஏழு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் அந்தப் பேர் ஒலித்தது. இவர் உடையவில்லை. நானும் உடையவில்லை.

"எப்படிலா இருப்பாரு? ஐயா மாதிரி அமைதியா?"

"அமைதியா? அவனா?" இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சுங்காய்ல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தப்ப, அவனுக்கு ஆறு வயசு. ஒரு நாள் என் ரூமுக்குள்ள பூந்து பச்சைக் கொடிய எடுத்துக்கிட்டுப் போய் பிளாட்பாரத்துல நின்னு ஆட்டிட்டான். கூட்ஸ் வண்டி கிளம்பிருச்சு! பாதிச் சரக்கு இன்னும் ஏத்தவே இல்ல."

குமுதா சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிக்கலாமா என்று பயந்து என்னைப் பார்த்தாள்.

"கொடி இல்ல," என்றேன் நான்.

"என்னா கொடி இல்ல?"

"என் பச்சைத் துப்பட்டா. துணிக்கொடியில காயப்போட்டிருந்தத உருவிக்கிட்டு ஓடினான். ஆறு வயசும் இல்ல, அஞ்சு. இன்னும் ஸ்கூல்ல சேக்கல."

"சரளா, மேலதிகாரிக்குப் பதில் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பதில்ல கொடின்னு எழுதுனீங்க. பொண்டாட்டி துப்பட்டான்னு எழுத வெக்கப்பட்டுக்கிட்டு. மறந்துட்டீங்களா?"

இவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமா," என்றார். "துப்பட்டாதான். மேலதிகாரி அவனையே கூப்பிட்டுக் கேட்டாரு. என்ன சொன்னான் தெரியுமா?"

"இருங்க," என்றேன். "அத நான் சொல்றேன்."