அம்மனிடம் பட்ட கடன்

ஐந்நூற்றொரு ரூபாய். எங்கள் தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதிக் கங்கையம்மனுக்கு நான் கொடுக்க வேண்டியது. ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். காரியம் முடிந்ததும் அதோடு ஐந்நூறு சேர்த்துக் கோயில் உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

காரியம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. போடவில்லை.

என் மகள் ஷோபாவும் நானும் ஒரே ட்ரெயினில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போவோம். அவள் தையல் கம்பெனிக்கு. நான் கட்டட வேலையில் சிமெண்ட் தூக்க. அதே வண்டியில் வரும் திலீப்பைக் கட்டிக்கொள்ளப் போவதாக என்னிடமே சொன்னாள். பையனிடம் குறை ஒன்றும் இல்லை. உட்கார இடம் கிடைத்தால் எனக்குத்தான் விடுவான். நம்ம சாதி இல்லை, அவ்வளவுதான். மகளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மனிடம் போய்ச் சொன்னேன். இது முறிந்து போகணும் தாயே என்று.

முறிந்தது. திலீப் வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள். அவனும் தலையாட்டிவிட்டு, ஷோபாவிடம் போனில் சொன்னான். அன்றைக்குப் படுத்தவள்தான். தட்டில் வைத்த சோறு காய்ந்து கிடக்கும். காலையில் வண்டி ஊதும்போது மட்டும் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவேன். பிள்ளை பிழைக்கணும் என்று வேண்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. கேட்டு வாங்கினவன் நான். அதே அம்மனிடம் போய் எப்படி அழுவது?

ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, என் பெண்டாட்டி பார்வதம்மா அந்த முடிச்சை மகள் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். படத்தைத் துடைக்கும்போது கிடைத்ததாம்.

“நைனாக்கு உன் மேல அக்கறையே இல்லன்னியே, பாருடி. நீ எழுந்திரிக்கணும்னு முடிஞ்சி வெச்சிகீறாரு.”

ஷோபா நிமிர்ந்து பார்த்தாள். “எனக்காகவா, நைனா?”

ஆமாம்மா என்றேன். ஐந்நூறு சேர்த்து உண்டியலில் போடணும் என்றும் சொன்னேன்.

அன்றைக்கு ரசம் ஊற்றி ஒரு பிடி சாப்பிட்டாள். மறுநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான் அம்மன் படத்தின் பக்கமே திரும்பவில்லை. பிறகு மெல்ல வேலைக்கும் போனாள். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, முடிச்சை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“வா நைனா. அம்மன் கடனை எத்தினி நாளு வெச்சிருப்பே? ஐந்நூறு நான் போடறேன்.”

கோயில் உண்டியல் வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன். அவள் நோட்டை மடித்து முடிச்சோடு சேர்த்தாள். எதிரே அம்மன்.

“போடாதம்மா. நீ எழுந்திரிக்கணும்னு முடிஞ்சது இல்ல இது. நீங்க ரெண்டு பேரும் பிரியணும்னு முடிஞ்சது.”

கற்பூரத் தட்டோடு வந்த பூசாரி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஷோபா முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் படுத்துக் கெடந்தப்போ இன்னா வேண்டிகினே?”

“ஒண்ணும் வேண்டல. எந்த மூஞ்சிய வெச்சிகினு கேப்பேன்?”

“நீயும் கேக்கல. நானும் கேக்கல. எனக்கு அப்போ சாமியே வேணாம்னு இருந்துது.” என்னைப் பார்க்காமல் அம்மனைப் பார்த்தே பேசினாள். “கேக்காமலே தூக்கி வுட்டுகீறா.”

“திலீப் போனது...”

“அது அவன் புத்தி. அத அம்மன் தலைல போடாத.”

தன் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். முடிச்சை என் கையில் வைத்தாள்.

“இது உன் கடன். உன் காசுல போடு. இன்னொரு தபா எதுனா முறியணும்னா மொதல்ல என்கிட்ட சொல்லு. காசாவது மிச்சமாவும்.”

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையில் அந்த வாரக் கூலி இருந்தது. ஐந்நூறை எண்ணி எடுத்து, முடிச்சோடு சேர்த்துப் போட்டேன்.

பூசாரி குங்குமம் கொடுத்தார். ஷோபா வைத்துக்கொண்டாள். எப்போதும் எனக்கு அவள்தான் வைத்துவிடுவாள். அன்றைக்குக் குங்குமம் இருந்த கையை மட்டும் நீட்டினாள். நானே தொட்டு வைத்துக்கொண்டேன்.