நாஃப்ளியோவில் ஓர் ஆடாத நாற்காலி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மாதேஷ் அண்ணன் சொன்ன ஒரு பொய்யிலிருந்து எடுத்தது.

அவர் என் பெரியப்பா மகன். சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை. போன நவம்பரில் கப்பல் கிரேக்க நாட்டில் நாஃப்ளியோ என்கிற பழைய துறைமுக ஊரில் நின்றது. இறங்கிப் பார்க்க நான்கு மணி நேரம் விட்டார்கள். அன்றைக்கே போனில் மலர் அண்ணியிடம் சொன்னார்: கடலுக்கு நடுவே குட்டிக் கோட்டை, மலைமேல் பெரிய கோட்டை, அதற்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது படி, அத்தனையும் ஏறினேன்.

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களிடம் அண்ணி அதை சீசன் முழுக்கச் சொன்னார். அண்ணன் லீவில் வந்ததும் அண்ணி என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"நீ பெரிய பெரிய கதையெல்லாம் படிக்கறவ கண்ணு. உங்கண்ணன் பாத்த ஊர எழுதிக் குடு. கண்ணாயி அக்கா எல்லாரு முன்னாடியும் பொய்யிங்குது. திங்கக்கெழம படிச்சுக் காட்டோணும்."

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று ஆலிவ் எண்ணெயைப் போல—'

(ஆலிவ் எண்ணெயை நான் சேலத்தில் ஒரு கடை அலமாரியில்தான் பார்த்திருக்கிறேன்.)

இரண்டாவது: 'பள்ளத்தாக்கை மேகம் நிரப்பும்போது எங்கள் மலையும் ஒரு துறைமுகம்—'

(ஏற்காட்டுக்கு வந்துபோன எல்லோரும் இதை எழுதிவிட்டார்கள்.)

நான் கடலைப் பார்த்தது இரண்டே முறை. மொழிபெயர்ப்பு நாவல்களில் நூறு துறைமுகங்களில் இறங்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் மழை பெய்கிறது. யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள். போதாது. அண்ணனிடமே போனேன்.

3

"மேல ஏறுனா என்னண்ணா தெரியும்?"

அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானெங்க கண்ணு ஏறுனேன்?"

கப்பல் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. "நாப்பது நாளா ஆடிட்டே இருந்தனா, அங்க ஒரு நாக்காலி ஆடாம நின்னுச்சு. எந்திரிக்க மனசே வர்ல. நாலு மணி நேரமும் உக்காந்துட்டேன்." கோட்டை, படி எல்லாம் மேசையில் விரித்திருந்த காகிதத்தில் படத்தோடு அச்சிட்டிருந்ததாம்.

"அண்ணிகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"அத்தன ஆசையாக் கேட்டுச்சு சாமி. உக்காந்திருந்தேன்னு எப்படிச் சொல்றது?" பிறகு அவரே சிரித்தார். "காப்பி குடுத்தாங்க பாரு, அடியில ஒரே மண்டி! பாவம், வடிகட்ட மறந்துட்டாங்கன்னு கர்ச்சீப்புல வடிகட்டிக் குடிச்சேன். கடைக்கார அம்மா ஓடியாந்து தலைல கைய வெச்சுக்கிச்சு. அந்த ஊருல வடிகட்டவே மாட்டாங்களாமா."

"காப்பித் தோட்டத்துல பொறந்துட்டு இது தெரியலையா?"

"அதனாலதான் கண்ணு. நம்மூட்டுல மண்டியோட குடுத்தா மானம் போயிராது?"

4

எழுதினேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் படிகளையும் எங்கள் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை வைத்து அளந்தேன். நாஃப்ளியோவுக்குப் பக்கத்தில் எபிடாரஸ் என்ற இடத்தில் பழங்காலத்துக் கல் அரங்கம் இருக்கிறது. நடுவில் தீக்குச்சி உரசினால் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். அண்ணனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். [நான்கு மணி நேரத்தில் இவ்வளவும் முடியுமா? முடியாது.] ஓரிடத்தில் மட்டும், என்னைக் கேட்காமலே, கை அந்தக் கர்ச்சீப்பையும் எழுதிவிட்டது.

5

அண்ணி மெதுவாகப் படித்தார். கோட்டையில் நிற்கவில்லை. அரங்கத்தில் நிற்கவில்லை. கர்ச்சீப்பில் நின்றார். உள்ளே போய்ப் பழுப்புக் கறையோடு ஒரு கைக்குட்டையை எடுத்துவந்தார்.

"கப்பல் எண்ணெய்னு மூணு தடவ சோப்புப் போட்டேன்." முகர்ந்து பார்த்தார். "இது ஒண்ணுதான் கண்ணு அவரு பேசற மாதிரி இருக்குது. மத்ததெல்லாம் நீ பேசற மாதிரி இருக்குது."

வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

"ஏனுங்க, கோட்டைக்குப் போனீங்களா?"

(இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அண்ணி நோட்டை அடுப்பில்— இல்லை, அண்ணி அப்படிச் செய்கிறவர் இல்லை.)

"இல்ல புள்ள."

அண்ணி கைக்குட்டையை நான்காக மடித்தார்.

"நாக்காலி நல்லா இருந்துச்சுங்களா?"

"நொம்ப."

"செரி. அந்தப் படியெல்லாம் அங்கயேதான இருக்கப்போகுது. ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

6

நோட்டுக்குள் கைக்குட்டையை அடையாளமாக வைத்து அண்ணி மூடினார். கோட்டைப் பக்கத்திலா, காப்பிக் கடைப் பக்கத்திலா என்று நான் பார்க்கவில்லை. இன்று ஞாயிறு.

மீதி உங்களிடம். நீங்கள்தான் கண்ணாயி அக்கா. கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஆடாத ஒரு கல்லாகப் பார்த்து உட்காருங்கள். மலர் அண்ணி நோட்டைத் திறக்கிறார். எந்தப் பக்கத்தைப் படித்தால் நம்புவீர்கள்?