ஜும்ஆ நேரத்தில் கட்டிய கேர்னல்

அந்த மூன்று பழைய கொம்பியூட்டர்களும் ஓடாவிட்டால் சுஹறா தொடங்கவிருந்த கொம்பியூட்டர் வகுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மீராமுகைதீன் ஹாஜியார், மகள் ஸம்றாவோடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மகளைச் சேர்த்தால் ஊரே சேர்க்கும். அவர் உதட்டைப் பிதுக்கினால் அவ்வளவுதான்.

கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்ட 386 பெட்டிகள் அவை. புது விண்டோஸ் அவற்றில் ஏறவே ஏறாது. மூத்த சகோதரியான ராத்தாவின் புருஷன் பதியுதீன் கல்முனை பசாரில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தான். அவன்தான் லினக்ஸ் சீடி ஒன்றைத் தேடிப்பிடித்து, மெஷினை எழுப்பி நடத்துகிற அடிப்படை நிரலான கேர்னலைக் கடையிலிருந்த தன் புது பென்டியம் மெஷினில் கட்டி, பிளொப்பியில் போட்டுத் தந்தான். கலியாணச் சஹன் தட்டில் இறைச்சியை அள்ளி வைப்பதுபோல, இருக்கிற வசதியெல்லாம் அதில் திணித்திருந்தான். பழைய பெட்டியோ இரண்டு வரி எழுதும், இருண்டு போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

“இது ஒண்டுக்கும் ஏலாது மச்சி. பழைய இரும்புக்குக் குடுங்க” என்றான் பதியுதீன்.

சுஹறாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பென்டியத்துக்கென்று கட்டியதைக் கொண்டுவந்து 386இல் போட்டால் அது பாவம் என்னதான் செய்யும்!

“கடைத் திறப்பத் தாங்க மச்சான். நீங்க ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போய் வாறதுக்குள்ள நான் வேறொண்டு கட்டுறன்.”

“ஓம் ஓம், கட்டுங்க பாப்பம்” என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான்.

பாங்கு சொன்னதும் பசார் கதவுகள் சாத்தின. குறுக்கே கேள்வி கேட்க ஒரு குஞ்சு குருமான் இல்லை. சுஹறா பென்டியத்தில் தன் பெயரிலேயே நுழைந்தாள். எங்கே வைத்துக் கட்டினாலும், எந்த மெஷினுக்கு என்பதைத் தெரிவு செய்யவேண்டும். 386க்கு என்று கொடுத்தாள். அந்தப் பெட்டிகளில் கணக்குச் சிப் கிடையாது. அந்த வேலையையும் கேர்னலே பார்க்கட்டும். சத்தம் வேண்டாம், நெட்வொர்க் வேண்டாம். நாலு எம்பி ரேமுக்கு என்ன ஆடம்பரம்! வெளியே ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஓடியது, திரையில் வரிகள் ஓடின.

“யா அல்லாஹ், கரண்ட் மட்டும் போகப்படாது” என்று வாய் ஓயாமல் கேட்டாள். போகவில்லை. கட்டி முடித்ததைப் பிளொப்பியில் போட்டுக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினாள்.

பகல் சோற்றுக்குப் பிறகு ஹாஜியார் மகளோடு அங்கே வந்தார். பதியுதீன் முந்திக்கொண்டான்.

“நம்மட கடையில கட்டினது ஹாஜியார். எல்லாம் நம்மட வேலதான்.”

அடப் பாவி மனிசா! சுஹறா நேரே பெட்டியிடம் போனாள். பிளொப்பியைச் செருகிப் பெட்டியைப் போட்டாள். வரிகள் வந்தன, இன்னும் வந்தன, இருளவில்லை. கடைசியில் யார் நுழைவது என்று பெயர் கேட்டு நின்றது. ஸம்றா குனிந்து வாசித்தாள்.

“வாப்பா, கட்டின ஆள்ர பேரும் இதில இரிக்கி. சுஹறாவாம்!”

கேர்னல் எழும்போதெல்லாம் தன்னைக் கட்டியவரின் பெயரைச் சொல்லும். பதியுதீனுக்கும் அது தெரியும், வீம்பில் மறந்துவிட்டான். காதெல்லாம் சிவந்து, பிறகு அவனே சிரித்துவிட்டான்.

“பின்ன? எங்கட மச்சியெண்டா சும்மாவா!”

“மாஷா அல்லாஹ்” என்றார் ஹாஜியார். “அப்ப எங்கட புள்ளைக்கும் இதப் படிச்சுக் குடுங்க டீச்சர்.”

சுஹறாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிளொப்பியை எடுத்து அடுத்த பெட்டியிலும் போட்டாள். தன் பெயர் இன்னொரு தடவை வருவதைப் பார்க்கத்தான், வேறென்ன!