எழுபது பீப்பாய்த் தண்ணீர்

ஸவாடி ஸ்டேஷனில் கவச ரயில் வந்து நின்றபோது மணி மூன்று. கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடிமட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் டிரைவர் வலெந்தி அதைப் பார்த்தார். பிறகு ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். காலையில் வந்த ஜெர்மன் விமானம் அதைத் தூளாக்கிவிட்டுப் போயிருந்தது. கோடை முழுக்க மழையில்லாமல் ஊர்க் குளமும் வெடித்துக் கிடந்தது.

"எவ்வளவு தூரம் போகும்?" என்றார் கேப்டன் ஸரெம்பா.

"ரெண்டு கிலோமீட்டர் போகும் ஐயா. பாலம் எட்டு கிலோமீட்டர். மிச்சத்தை நடந்துதான் போகணும்."

நடந்து போகலாம், ரயிலில் இருக்கும் நாலு பீரங்கியை யார் தோளில் தூக்குவது? ஆற்றின் அக்கரையில் முந்நூறு காலாட்கள் பதுங்குகுழி தோண்டிக்கொண்டு இந்தப் பீரங்கிகளுக்காகத்தான் காத்திருந்தார்கள். ரயிலுக்குப் பின்னாலேயே ஜெர்மன் டாங்கிகள் வந்துகொண்டிருந்தன. சரியாக நாலு மணிக்குப் பாலத்தைத் தகர்த்துவிடுவோம், யாருக்காகவும் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டோம் என்று பாலத்தில் இருந்த அதிகாரி சொல்லியனுப்பியிருந்தார்.

ஊரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. குண்டுவீச்சு தொடங்கிய நாளிலேயே வீட்டுக்கொன்றாக எழுபது பீப்பாய் நிரப்பி வைக்கச் செய்திருந்தார் தீயணைப்புப் படைத் தலைவர் போனிஃபாத்ஸி. வம்பே அங்கேதான். அவர் வலெந்தியின் மனைவி ஹெலேனாவுக்கு அண்ணன். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. வலெந்தியின் எஞ்சின் கக்கிய பொறி ஒரு கோடையில் மச்சானுடைய வைக்கோல் களஞ்சியத்தைச் சாம்பலாக்கியிருந்தது.

வலெந்தி கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓடினார்.

பித்தளைத் தலைக்கவசம் வெயிலில் மின்ன, தோளில் ஊதுகுழலோடு போனிஃபாத்ஸி பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார்.

"என்ன மச்சான், மிச்சமிருக்கிறதையும் கொளுத்திட்டுப் போக வந்தியா?"

"தண்ணி வேணும். எழுபது பீப்பாயும் வேணும்."

"எழுபதும் குடுத்துட்டு, ஊர் பத்திக்கிட்டா எச்சிலைத் துப்பி அணைக்கவா?"

"அக்கரையில முந்நூறு பசங்க வெறுங்கையோட நிக்கிறாங்க. எதிர்ல டாங்கி வருது."

போனிஃபாத்ஸி மீசையைக் கடித்தார். "உன் இரும்புப் பிசாசு பொறி கக்காம போகுமா?"

பொய் சொல்ல இது நல்ல சமயம்தான். வலெந்திக்கு வாய் வரவில்லை. "மெதுவா போனா கக்காது. மெதுவா போனா பாலம் இருக்காது."

மச்சான் ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். "சரி, கக்கட்டும். கூரைக்கொரு ஆளை ஏத்துறேன், ஈரச்சாக்கால அடிச்சு அணைச்சுக்கிறோம். ஆனா நடுவுல வேகத்தைக் குறைச்சே, தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்க மாட்டேன். நெருப்பெல்லாம் அணைஞ்சதும் நானே ஊதுறேன். அதைக் கேட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே இரு."

அடுத்த அரைமணி நேரம் ஊரே பம்பரமாகச் சுழன்றது! வண்டி வண்டியாகப் பீப்பாய்கள் உருண்டு வந்தன. எட்டுப் பேர் கைப்பம்பை மாறி மாறி அடிக்க, எஞ்சினின் தொட்டிக்குள் தண்ணீர் பாய்ந்தது. யாரோ அவசரத்தில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் பீப்பாயையும் உருட்டி வந்துவிட்டார்கள். கரி தள்ளுகிற லுத்விக் அதைத் திருப்பி அனுப்பினான், ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டுதான்.

மூன்றே முக்காலுக்கு ரயில் கிளம்பியது.

"போடு கரியை!" என்று கத்தினார் வலெந்தி. நீராவிக் கைப்பிடியை முழுக்க இழுத்தார். புகைபோக்கி பொறிகளை அள்ளி வீசியது. தண்டவாளத்தின் இருபுறமும் வைக்கோல் கூரைகள், ஒவ்வொன்றின் முகட்டிலும் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி ஒரு ஆள்! தச்சர், கசாப்புக்காரர், பாதிரியார்கூட அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஏறியிருந்தார். பொறி விழ விழ ஈரச்சாக்குகள் சடார் சடாரென்று இறங்கின. வலெந்திக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. இப்படி ஒரு ஊரை எந்த டாங்கியால் என்ன செய்துவிட முடியும்?

ஊர்க்கோடியில் ஒரே ஒரு கூரையில் மட்டும் ஆளில்லை. நீல ஜன்னல் வைத்த வீடு. ஆள் போதாமல் போனதும் போனிஃபாத்ஸி பள்ளிக்கூடக் கூரையில் ஏறிவிட்டார், சொந்த வீட்டை விட்டுவிட்டார். ரயில் வளைவில் திரும்பும்போது அந்தக் கூரையில் புகை கிளம்பி, மறுகணமே தீ எழுந்தது. ஹெலேனா பிறந்த வீடு. வலெந்தியின் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது.

அப்போது ஊதுகுழல் முழங்கியது. நெருப்பெல்லாம் அணைந்துவிட்டது என்ற சமிக்ஞை!

பள்ளிக்கூட முகட்டில் பித்தளைத் தலைக்கவசம் மின்னியது. முகம் எரிகிற வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

"அணைஞ்சிடுச்சாம் டிரைவரே!" என்றான் கரிக்குவியலில் குனிந்திருந்த லுத்விக்.

"ஆமா. நீ கரியைப் போடு." வலெந்தியின் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. கைப்பிடியை அவர் தொடவில்லை.

நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ரயில் பாலத்தைத் தாண்டியது. பதுங்குகுழிகளிலிருந்து முந்நூறு தொப்பிகள் மேலே பறந்தன. பின்னால் பாலம் இடிமுழக்கத்தோடு ஆற்றில் விழுந்தது. புகை விலகியபோது எதிர்க்கரைச் சாலையில் முதல் டாங்கி தலைகாட்டியது. பீரங்கிகள் மெல்லத் திரும்பின.

வலெந்தி எஞ்சினிலிருந்து குதித்து ஓடினார். "ஐயா! முதல் குண்டு என் மச்சான் பேர்ல போகட்டும்!"

"பேர் என்ன?" என்றார் கேப்டன்.

மூன்று வருஷமாக அவர் வாயில் எடுக்காத பெயர் அது. அடிவயிற்றிலிருந்து கத்தினார். "போனிஃபாத்ஸி!"

"போனிஃபாத்ஸி!" என்று நாலு பீரங்கிக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். சுட்டார்கள்.