தமிழில் ஒருவர்

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரிலிருந்த பெரிய திரை இப்படிக் காட்டியது: ஆங்கிலம் 41, சிங்களம் 17, தமிழ் 1. அந்த ஒன்று யாரென்று கண்டுபிடிக்க யாரும் சாத்திரக்காரனிடம் போகத் தேவையில்லை. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த இல்மாவுக்கு, அதைத் தன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிட்டதுபோல இருந்தது.

மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பனி அது. நிரோஷினி என்ற சிங்களப் பெண் தன் வீட்டு மேல்மாடியில் ஆறு பேரோடு தொடங்கியது. இப்போது குண்டசாலையில் சொந்தக் கட்டடம், இரண்டு மாடி, அறுபத்திரண்டு பேர். கிழமைக்கு ஒரு புதுமுகம் வந்து உட்காரக் கதிரை தேடும். மடவளையிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து வாசலில் இறங்கும்போதே இல்மாவுக்குக் கால் நிலத்தில் பாவாது. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யாரும் யோசனை சொல்லலாம், பிழை விட்டால் ஏச்சில்லை. இப்படியும் ஓர் இடத்தில் வேலை கிடைக்குமா என்று முதல் மாதம் முழுக்கத் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வருகிற புதன்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்குத்தான் நிரோஷினி அவளுடைய நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது போடாமல் விட வேண்டும்.

ஊழியர்கள் இந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் படிவம் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்பது நிரோஷினியின் ஆசை. தமிழ்ப் படிவத்தை இல்மா இரண்டு நாள் மண்டையை உடைத்துத் தயாரித்தாள். தான் ஆக்கிய சோற்றைத் தானே ஒரு பிடி தின்னாமல் விட யாருக்கு மனம் வரும்? தமிழிலேயே நிரப்பினாள். பெயர் கேட்காத படிவம்தானே என்று உள்ளே கிடந்ததையெல்லாம் கொட்டியும் வைத்தாள். கணக்குப் பிரிவு ரிஸ்மியும் வீட்டில் தமிழ் பேசுகிறவன்தான்; ஆனால் சிங்களத்தில் படித்தவன், அதிலேயே நிரப்பிவிட்டான். எந்த மொழியில் எத்தனை பேர் என்ற கணக்கைத் திரையில் ஓடவிடலாம், நம்மிடம் ஒளிவுமறைவு கிடையாது என்று எந்தப் புண்ணியவான் யோசனை சொன்னானோ, அவனை இல்மா காலையிலிருந்து மனசுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதியது சின்ன விடயமும் இல்லை. மேல்மாடியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அங்கே ஒரு பித்தளை மணி தொங்கியது. பெரிய சிக்கல் ஒன்றைத் தீர்த்தவர் அதை அடிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். போன மாதம் மன்னார்க் கடை ஒன்றின் பட்டியலில், விற்று முடிந்த மருந்தெல்லாம் இன்னும் இருப்பதாகக் காட்டியது. மூன்று நாள் தொலைபேசியில் அந்தக் கடைக்காரரோடு மாரடித்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் அப்படியாகிறது என்று கண்டுபிடித்தவள் இல்மா. மணியை அடித்தது கிளின்ரன் பெர்னாண்டோ. அதிகம் பேசாத, கெட்டிக்காரப் பையன். அவள் சிங்களத்தில் விளக்கியதை முழுக்கக் கேட்டு, சிங்களத்திலேயே நன்றி சொல்லிவிட்டு மேலே போனவன். கைதட்டல் கூரை வழியாகக் கீழே கேட்டது.

"மணி அடிப்பவர்கள் எல்லோரும் மேல்மாடிக்காரர்கள். பிழையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் நாங்கள் கீழேயிருந்து சத்தத்தை மட்டும் கேட்கிறோம். நாம் ஒரே குடும்பம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. குடும்பமென்றால் சாப்பிடக் கூப்பிடுவார்கள். மேலே சாப்பாடு வருவது எங்களுக்கு மணத்தில்தான் தெரிகிறது." இதுதான் அவள் எழுதியது. எழுதி முடித்தபோது அப்படியொரு சந்தோசம். இப்போது நினைத்தால் புதன்கிழமைக் கடிதம்தான் கண்முன் வந்தது.

அந்த நேரம் பார்த்து நிரோஷினியே கீழே இறங்கி வந்தாள். மூன்றரைக்குப் படிவம் மூடப்படும், நான்கு மணிக்கு மேலே எல்லோரும் கூடுகிறோம் என்றாள். தமிழில் வந்திருப்பதைத் தன்னால் வாசிக்க முடியாது, அதை இல்மாதான் எல்லோருக்கும் சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்று சிரித்தபடி கேட்டாள். சரி என்று இல்மா தலையாட்டினாள்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றும் மூலைக்குப் போய் தன் மூத்த சகோதரி அகீலாவுக்கு அழைப்பெடுத்தாள்.

"ராத்தா, நான் ஒரு வேல பார்த்து வெச்சீக்கிறேன்."

முழுவதையும் கேட்டுவிட்டு அகீலா ஒன்றைத்தான் விசாரித்தாள்.

"அந்த ஃபோம அழிக்க ஏலுமா ஒனக்கு?"

"ஏலும். தமிழ் ஃபோம் என்ட கையிலதானே ஈக்கி."

"அப்ப எனத்துக்கு யோசிக்கிற? அழிச்சிட்டு சும்மா ஈ. லெட்டர் கைக்கு வந்த பொறகு வேணும்டா ஒரு புஸ்தகமே எழுது."

நியாயமான புத்திதான். இல்மா வந்து உட்கார்ந்து தமிழ்ப் படிவத்தைத் திறந்தாள். மணி மூன்று இருபத்தைந்து. தன் பதிலைத் தெரிவுசெய்து, அழிக்கும் பொத்தானில் விரலை வைக்கப் போனபோது, அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். தமிழ் 2.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். இதே கட்டடத்துக்குள் யாரோ இந்த நிமிடம் தமிழில் எழுதியிருக்கிறார்கள். ரிஸ்மியை எட்டிப் பார்த்தாள். அவன் கட்டுக் கட்டாக பில்களோடு போராடிக்கொண்டிருந்தான். காவலாளி ஐயா வாசலில் நின்றார். பிறகு யார்? குனிந்து அந்தப் பதிலை வாசித்தாள். ஒரு தரம் வாசித்தாள், இன்னொரு தரம் வாசித்தாள்.

இப்போது தன்னுடையதை அழித்தால் திரை மறுபடியும் ஒன்று என்று காட்டும். அந்த ஒன்று வேறொருவராக இருக்கும். இவள் தனியாக நிற்கிறாள் என்று நினைத்துத்தானே அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றது! அழித்துவிட்டு ஓடினால் தன்னைப்போல ஒரு கேவலமான பிறவி இருக்க முடியாது என்று இல்மா நினைத்தாள். விரலை எடுத்தாள். மூன்றரைக்குப் படிவம் மூடிக்கொண்டது.

நான்கு மணிக்கு மேல்மாடி நிறைந்துவிட்டது. கதிரை கிடைக்காதவர்கள் யன்னலோரம் நின்றார்கள். ஆங்கிலப் பதில்கள், சிங்களப் பதில்கள் எல்லாம் முடிந்து அவள் முறை வந்தது. படியேறும்போது சில சொற்களை மெத்தென்று மாற்றிவிடலாம் என்றொரு சபலம் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் தாளைக் கையில் எடுத்து முதல் வரியைச் சொன்னதும், தன் குரல் தனக்கே பிடித்துப்போனது. ஒரு சொல்லையும் குறைக்காமல் சொன்னாள். குடும்பத்தில் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்ற இடத்தில் கீழ்மாடிக்காரர்கள் பக்கமிருந்து 'ஓவ்', ஆமாம் என்று ஒரு சத்தம் எழுந்தது. மேல்மாடிக்காரர்கள் சிலர் தங்கள் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்கள். நிரோஷினி சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் என்னவோ எழுதினாள், எழுதியதன் கீழே கோடு போட்டாள். அது தன் கடிதத்தைப் பற்றியதோ மணியைப் பற்றியதோ, இல்மாவுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. பயத்தைவிட உற்சாகம் கூடுதலாக இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்று சொல்லி, இரண்டாவதை முதலில் தமிழிலேயே வாசித்தாள். எழுதியவருக்குத் தன் சொல் ஒரு தரமாவது அப்படியே கேட்கட்டும் என்று பட்டது.

"நான் ஒன்றரை வருசமாக இங்கே வேலை செய்கிறேன். நல்ல இடம். ஆனால் அம்மா போன் எடுத்தால் படிக்கட்டுக்கு இறங்கிப் போய்த்தான் பேசுவேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போகிறேன். ஏன் போகிறேன் என்று இன்று அந்த ஒன்றைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்."

பிறகு சிங்களத்தில் சொன்னாள். யார், யார் என்று கண்கள் அலைந்தன. நிரோஷினி பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

யன்னலோரம் நின்ற கிளின்ரன் பெர்னாண்டோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

"அம்மா, நான்தான். ஆபீஸ்லதாம்மா இருக்கேன்... ஒன்னுமில்ல, சும்மாதான் எடுத்தேன். ஆமா, எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க."

ஹந்தானைத் தேயிலை மலையில் உரக்கப் பேசிப் பேசிப் பழகிய அம்மாவாக இருக்க வேண்டும். அடுத்த மலைக்குக் கூப்பிடுவதுபோல அந்தக் குரல் போனுக்கு வெளியே மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏன்டா இந்நேரத்துல? வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

இல்மா தாளால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். ரிஸ்மி வெடித்துச் சிரித்தான். கடைசி வரிசையில், இதுவரை ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் பேசிக் கேட்டிராத ஒரு பெண், முன் கதிரையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களெல்லாம், நிரோஷினியும்தான், விளங்காத ஆவலோடு அந்த நாலு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.